பாட்டு டீச்சர்களுக்குப் பாடத்திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: முதல்ல தொண்டையைச் சொல்லிக் குடுங்க

வணக்கம்ங்க.

இசைக் கல்லூரியோ, சின்ன பயிற்சி மையமோ, எதுவா இருந்தாலும் சரி, பாட்டு டீச்சர் ஆகணும்னு வர்றவங்களுக்கு என்ன பாடம் வைக்கணும், பரீட்சையில என்ன கேக்கணும்னு முடிவு பண்ற இடத்துல இருக்குற எல்லாருக்கும் இந்த மடல். நான் பதினெட்டு வருஷமா பாட்டு சொல்லிக் குடுக்குறேன். அதுல முதல் பத்து வருஷம் தொண்டைன்னு ஒண்ணு எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாமத்தான் சொல்லிக் குடுத்தேன். ராகம் தெரியும், தாளம் தெரியும், உருப்படி நிறைய பாடம் இருக்கு, காது நல்லா இருக்கு, சுரம் கொஞ்சம் விலகினாலும் உடனே பிடிச்சிடுவேன். ஆனா எதிர்ல உக்காந்திருக்குற பிள்ளையோட கழுத்துக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு கேட்டா ஒண்ணுமே தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல. நான் எழுதுன எந்தப் பரீட்சையிலயும் அப்படி ஒரு கேள்வி வரல.

அதனால என்ன ஆச்சுன்னு சொல்றேன். எட்டு வருஷமா என்கிட்ட கர்நாடக சங்கீதம் படிச்ச ஒரு பொண்ணு, நல்ல சாரீரம், மூணு ஸ்தாயியும் சுத்தமா பேசும். பத்தொம்பது வயசுல மேடை இசை நாடகம் ஒண்ணுல பாட சான்ஸ் கிடைச்சது. பெல்ட்டிங்னு சொல்றாங்களே, பேச்சுக்குரலையே அப்படியே மேல தூக்கிட்டுப் போய் பளீர்னு விடுறது, அந்த மாதிரி பாட்டு. எப்படிப் பாடணும்னு என்கிட்டத்தான் வந்து கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அடிவயித்துல இருந்து எடும்மா, இன்னும் வெயிட் குடு, பலமா, இன்னும் பலமான்னு ஆறு வாரம் சொன்னேன். குரல் கம்ம ஆரம்பிச்சுது. சரியாயிடும், சாதகத்தை விடாதேன்னேன். கடைசியில பேசுறதுக்கே காத்துதான் வந்துச்சு. ஈஎன்டி டாக்டர் கேமரா விட்டு ஸ்ட்ரோப் வெளிச்சத்துல பாத்தாங்க, நானும் கூடவே போயிருந்தேன், ரெண்டு குரல்நாணும் மோதுற நடுப்பகுதியில ரெண்டு பக்கமும் தடிப்பு. நாட்யூல், அதாவது குரல்நாண்ல வர்ற சின்ன முடிச்சு, அதோட ஆரம்பம்னு சொன்னாங்க. அந்த ஸ்க்ரீன்ல பாத்த படம் இன்னும் என் கண்ணுல நிக்குது, ஏன்னா என் வாழ்க்கையில அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு குரல்நாணைப் பாக்குறேன், பத்து வருஷம் டீச்சரா இருந்ததுக்கு அப்புறம்.

விஷயம் தெரிஞ்சதும் கூட வேலை பாத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, பாத்தீங்களா, அந்த மாதிரி பாட்டெல்லாம் பாடுனா குரல் போயிடும்னு அப்பவே சொன்னோமேன்னு. நானும் கொஞ்ச நாள் அதைத்தான் நம்புனேன், நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு, பழி அந்தப் பாட்டு மேல போயிடுதே. அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சுது, பழி என் மேலதான்.

என்ன நடந்துச்சுன்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியும். நாம எந்தச் சுரம் பாடுனாலும் குரல்நாண்ல இருந்து அந்தச் சுரம் மட்டும் தனியா வர்றதில்ல, அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு ஹார்மோனிக்ஸ் வரிசையா சேந்தே வரும். தொண்டையும் வாயும் சேந்த குழாய்க்கு சில இடங்கள் பிடிக்கும், அங்க வந்து விழுற ஹார்மோனிக் தூக்கலா கேக்கும், அந்த இடங்களுக்குத்தான் ஃபார்மன்ட்னு பேரு. வாயோட வடிவத்தை மாத்துனா ஃபார்மன்ட் நகரும், அதனாலதான் ஆ வேற ஈ வேறயா கேக்குது. ஆ சொல்லும்போது முதல் ஃபார்மன்ட் தோராயமா 700ல இருந்து 900 ஹெர்ட்ஸ் வரைக்கும் எங்கயாவது இருக்கும், ஈ, ஊ சொல்லும்போது 300 பக்கம் இறங்கிடும். பெல்ட்டிங்ல கேக்குற அந்தப் பளீர் சத்தம் எங்க இருந்து வருதுன்னா, பாடுற சுரத்தோட ரெண்டாவது ஹார்மோனிக் முதல் ஃபார்மன்ட் மேல போய் உக்காரும்போது வருது. 440 ஹெர்ட்ஸ்ல ஆன்னு பாடுனா ரெண்டாவது ஹார்மோனிக் 880, ஆவோட ஃபார்மன்ட் பக்கத்துலயே இருக்கு, வாயைக் கொஞ்சம் அகலமா திறந்தா போதும், குழாயே வேலையைப் பாத்துக்கும்.

அந்தப் பொண்ணுக்கு 440ங்கிறது புது உயரமே கிடையாது. 5 கட்டை ஸ்ருதியில மேல் ஸ்தாயி சதுஸ்ருதி ரிஷபம் கிட்டத்தட்ட அதே இடம்தான், அதை அகாரத்துல ஒரு நாளைக்கு நூறு தடவை தொட்டுட்டு வர்றவ. ஆனா அந்த நாடகப் பாட்டுல உச்சத்துல வர்ற வார்த்தையில இருந்தது ஈ. அந்த உயரத்துல ஈ பாடும்போது அடிப்படைச் சுரமே முதல் ஃபார்மன்ட்டைத் தாண்டிடுது, ரெண்டாவது ஹார்மோனிக்குக்குக் குழாய்ல இருந்து ஒரு உதவியும் இல்ல, சத்தம் பத்தல, உடனே அவ காத்தைக் கூட்டுறா, குரல்நாணை இறுக்குறா, பக்கத்துல நான் உக்காந்துக்கிட்டு இன்னும் பலமான்றேன். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான், அந்த ஈயைக் கொஞ்சம் ஏ பக்கம் திற, காத்தைக் குறை, குரல்வளை லேசா மேல வந்தா வரட்டும், பிடிச்சு அமுக்காதன்னு. ஆறு வாரம் அடிவயிறு அடிவயிறுன்னு நான் கத்துனதுக்குப் பதிலா இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருந்தா அந்தத் தடிப்பே வந்திருக்காதுன்னு உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா நான் அந்தத் தொண்டையை எதிர்த்திசையில தள்ளுனேன், அது நிச்சயம்.

இப்ப இதுக்கு நேர் எதிரா இன்னொரு ஸ்டைலைப் பாருங்க. மைக் இல்லாம ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேக்கணும், அதுதான் ஓபரா பாடகரோட வேலை. அது எப்படி முடியுதுன்னு ஸ்வீடன்ல ஜோஹான் சுண்ட்பெர்க் 1970கள்ல அளந்து காட்டுனார். ஆர்கெஸ்ட்ராவோட பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் கூடுதலா இருக்கு, மேல போகப் போகக் குறைஞ்சிடுது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்களோ 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல மூணாவது, நாலாவது, அஞ்சாவது ஃபார்மன்ட்டைக் கூட்டமா சேத்து வெச்சிக்கிறாங்க, ஆர்கெஸ்ட்ரா பலம் குறைஞ்ச இடத்துல குரல் வந்து மின்னுது, நம்ம காதும் அந்தப் பகுதியில ரொம்பக் கூர்மை. அதுக்குக் குரல்வளை கீழ இறங்கி இருக்கணும், அதுக்கு நேர் மேல உள்ள குழாய் குறுகலா இருக்கணும், அதுக்கு மேல தொண்டை விரிஞ்சிருக்கணும். பெல்ட்டிங்குக்குத் தேவையானதுக்கு இது கிட்டத்தட்ட தலைகீழ். அதே ஓபராவுலயே சோப்ரானோன்னு சொல்ற உச்சக்குரல் பெண்கள் ரொம்ப மேல, 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது பாடுற சுரமே முதல் ஃபார்மன்ட்டுக்கு மேல ஏறிடும், அதனால அவங்க தாடையை நல்லா இறக்கி ஃபார்மன்ட்டையும் கூடவே தூக்கிட்டுப் போவாங்க, அங்க ஆ, ஈ, ஊ எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும். வார்த்தை புரியலன்னு அவங்களைக் குறை சொல்றவங்க இதைத் தெரிஞ்சிக்கணும்.

ஆக, ஓபரா டீச்சர் பெல்ட் பாடுறவங்களைப் பாத்து குரல்வளை ஏறுது, தப்புங்கிறாங்க, பெல்ட் டீச்சர் ஓபரா பாடுறவங்களைப் பாத்து குரலை முழுங்குறாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் தன் வேலைக்கான அளவுகோலை அடுத்தவங்க வேலை மேல வெச்சுப் பாக்குறாங்க. ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது சத்தத்துல இருக்குற ஹார்மோனிக்ஸைப் படமா காட்டுறதுல, ரெண்டு குரலையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுப் பாத்தா சண்டை பாதி நின்னுடும். பிராட் மாதிரி இலவச சாஃப்ட்வேரே போதும் அதுக்கு, பெரிய லேப் எல்லாம் வேண்டாம்.

மைக் வந்தது எவ்வளவு பெரிய மாற்றம்னு நாம சரியா யோசிக்கிறதே இல்லன்னு தோணுது. 1925ல எலக்ட்ரிக் ரெக்கார்டிங் வந்ததுக்கப்புறம் காதுகிட்ட கிசுகிசுக்குற மாதிரி பாடுறதே ஒரு ஸ்டைல் ஆச்சு. குரல்ல காத்து கலந்தா, மைக் இல்லாத மேடையில அது பலவீனம், மைக் முன்னாடி அதுவே உணர்ச்சி. இன்னிக்கு கிட்டத்தட்ட எல்லா மேடையிலயும் மைக் இருக்கு, ஆனா டீச்சருக்கான பாடத்துல மைக் பத்தி ஒரு மணி நேரம் கூட இல்ல.

அடுத்து, மெல்லிசா மேல பாடுற குரலைக் குறையா சொல்ற அந்தக் கள்ளத்தொண்டைங்கிற வார்த்தை. எத்தனை பிள்ளைங்க இதைக் கேட்டு அழுதிருப்பாங்க, என்கிட்டயே அழுதிருக்காங்க. ஹிரானோன்னு ஜப்பான் டாக்டர் 1974ல குரல்நாணை அடுக்கடுக்கா விளக்குனார், மேல ஜெல்லி மாதிரி நெகிழ்வான உறை, உள்ள உடம்பு மாதிரி தசை. உள்தசை சுருங்கி நாண் குட்டையா தடிமனா இருந்தா அதோட முழு ஆழமும் அதிரும், நாம நெஞ்சுக்குரல்னு சொல்றது அது. வெளியில இருக்குற இன்னொரு தசை இழுத்து நாண் நீளமா மெல்லிசா ஆனா ஓரம் மட்டும் அதிரும், தலைக்குரல், ஃபால்செட்டோ எல்லாம் அந்தப் பக்கம். நெஞ்சுலயும் சத்தம் உருவாகல, தலையிலயும் உருவாகல, அதிர்வு எங்க உணருதோ அந்த இடத்தோட பேரை வெச்சிட்டாங்க, அவ்வளவுதான். ரெண்டுமே அதே நாண், ரெண்டுமே நிஜம். எந்த ஸ்டைல் எதை எந்த உயரம் வரைக்கும் கேக்குதுங்கிறதுலதான் வித்தியாசம். ஒரு முறை மெல்லிசு பக்கத்தை ஒதுக்கி வைக்கலாம், அது அழகியல், அதை மதிக்கிறேன். ஆனா அதுக்குக் கள்ளம்னு பேர் வெச்சா பிள்ளைங்க அந்தப் பக்கம் போகவே பயப்படுவாங்க, அந்தத் தசைக்குப் பயிற்சியே கிடைக்காது, அப்புறம் மேல் ஸ்தாயி போகும்போது ஒரே தடிமனை இழுத்துக்கிட்டே ஏறி ஒரு இடத்துல பிசிறடிக்கும்.

கமகமும் வைப்ரேட்டோவும் இன்னொரு குழப்பம். வைப்ரேட்டோ பெரும்பாலும் நொடிக்கு 5ல இருந்து 7 தடவை ஒரே சீரா வர்ற அலை, குரல் சமநிலைக்கு வந்ததும் பலருக்கு அதுவே வந்திடும். கமகம் அப்படி இல்ல, எந்தச் சுரத்துல இருந்து எந்தச் சுரத்துக்கு எந்த வேகத்துல போகணும், எங்க நிக்கணும்னு ராகம் சொல்லும், பாடுறவங்க வேணும்னே போடுறது. ஓபரா படிச்சிட்டு கமகம் படிக்க வர்றவங்களுக்கு அந்தத் தானா வர்ற அலை நடுவுல புகுந்து கலைச்சிடும். கமகம் படிச்சவங்க வைப்ரேட்டோ வேணும்னு வந்தா ஒவ்வொரு அலையையும் கையால போட்டுப் பாக்குறாங்க, அது பிடிப்பா கேக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி குடுத்தா ஆகுமா சொல்லுங்க. கரகரன்னு உறுமிப் பாடுற ராக் பாட்டு, ரஷ்யாவுல இருக்குற துவாங்கிற பகுதியோட தொண்டைப்பாட்டு எல்லாம் கூட இந்த வரிசையில வரும். குரல்நாணுக்கு மேல பொய்நாண்னு ஒரு ஜோடி மடிப்பு இருக்கு, துவா பாட்டுல கார்கிரான்னு சொல்ற ஆழமான வகையில அதுவும் பாதி வேகத்துல சேந்து அதிருது. அவங்க தொண்டையைக் கிழிச்சிக்கிட்டுப் பாடுறாங்கன்னு நினைக்கிறோம், நல்லாப் பாடத் தெரிஞ்சவங்க கீழ இருக்குற நிஜ நாணை இறுக்காம வெச்சிக்கிறாங்க.

உதரவிதானத்துல இருந்து பாடுன்னு சொல்றதையும் தயவுசெஞ்சு பாடப்புத்தகத்துல இருந்து எடுங்க, இல்ல சரியா எழுதுங்க. உதரவிதானம் மூச்சை உள்ள இழுக்குற தசை. வெளிய விடும்போது அது தளர்ந்துக்கிட்டு வரும், வேலை செய்யுறது வயித்துப் பக்க தசைங்களும் விலா தசைங்களும், அதுவும் காத்தைத் தள்ளுறதுக்காக மட்டும் இல்ல, காத்து சீக்கிரம் தீராம பிடிச்சு வைக்கிறதுக்கும். தண்ணி குடிச்சா குரல்நாண் நனையும்னு சொல்றதும் அதே மாதிரிதான், குரல்நாண் மேல தண்ணி பட்டா இருமல்தான் வரும், குடிக்கிற தண்ணி ரத்தத்துல கலந்து சுத்தி வந்துதான் அங்க சேரும், அதனால மேடை ஏறுற நேரத்துல ஒரு பாட்டில் குடிச்சுப் பிரயோஜனம் இல்ல, நாள் முழுக்கக் குடிக்கணும்.

இவ்வளவும் சொன்னா பலர் கேக்குறது, விஞ்ஞானம் புகுந்தா சங்கீதம் செத்துடாதான்னு. பாடும்போது குரல்நாண் எப்படி அசையுதுன்னு பாத்து உலகத்துக்குச் சொன்ன முன்னோடி ஒரு பாட்டு வாத்தியார்தாங்க. மானுவல் கார்சியா, 1854ல பல் டாக்டர் கண்ணாடியைத் தொண்டைக்குள்ள வெச்சு, இன்னொரு கண்ணாடியால சூரிய வெளிச்சத்தை அதுல திருப்பி, தன் குரல்நாணையே பாத்தார், அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைச் சமர்ப்பிச்சார். ஈஎன்டி டாக்டர்கள் கண்ணாடி வெச்சுத் தொண்டை பாக்குற முறை பரவுனதுல பெரிய பங்கு அவருக்கு உண்டு. இது நம்ம தொழில்ல இருந்து போன அறிவு, திரும்ப வாங்கிக்கிறதுல என்ன கூச்சம்.

ஆனா அந்தக் கேள்வியில ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். புதுசா படிச்ச ஜோர்ல நான் ஒரு வருஷம் பிள்ளைங்ககிட்ட தசை பேரையெல்லாம் ஒப்பிச்சேன், பாட்டு கெட்டுப்போச்சு. உடம்புக்குள்ள இருக்குற தசையைக் கவனிச்சுக்கிட்டே வேலை செஞ்சா வேலை தடுமாறும், வெளியில ஒரு இலக்கைக் கவனிச்சா உடம்பு தானா சரி பண்ணிக்கும்னு விளையாட்டுப் பயிற்சி ஆய்வுகள்ல நிறைய பாத்திருக்காங்க. அதனால அந்தக் கடைசி வரிசையில உக்காந்திருக்குறவருக்குக் கேக்குற மாதிரி பாடுன்னு சொல்றது இன்னிக்கும் நல்ல வார்த்தைதான், பழைய உவமைங்களையும் தூக்கிப் போட வேண்டாம். அந்த உவமையைக் கேட்டதும் இந்தப் பிள்ளையோட தொண்டை என்ன பண்ணுச்சு, நான் நினைச்சதைப் பண்ணுச்சா, வேற எதையாவது பண்ணுச்சான்னு டீச்சருக்குத் தெரியணும். விஞ்ஞானம் டீச்சரோட காதுக்குள்ள இருக்கட்டும், பிள்ளையோட வாய்ல பாட்டு இருக்கட்டும்.

இதெல்லாம் நான் புதுசா கேக்குறது இல்ல. சாஸ்திரிய மேற்கத்தியப் பாட்டு அல்லாத ஸ்டைல்களுக்குன்னு ஒரு பொதுப் பேரை ஜெனட் லவெட்ரின்னு ஒரு அமெரிக்கப் பாட்டு டீச்சர் 2000ல முன்வெச்சாங்க. 2008ல அமெரிக்கன் அகாடமி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் சிங்கிங், அந்த ஸ்டைல்களுக்குத் தனிப் பயிற்சி முறை வேணும், சாஸ்திரியப் பயிற்சி ஒண்ணே எல்லாத்துக்கும் போதும்னு இருக்கக்கூடாதுன்னு எழுதியே குடுத்துச்சு. நாம அதை அப்படியே காப்பி அடிக்கவும் தேவையில்ல. நமக்கு முன்னாடி வர்ற பிள்ளைங்க காலையில அகார சாதகம், சாயங்காலம் சினிமாப் பாட்டு, ராத்திரி ஃபோன்ல கேட்ட பாப் பாட்டுன்னு ஒரே தொண்டையில எல்லாத்தையும் பாடுறாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி நாமளே யோசிச்சு எழுதணும்.

நான் கேக்குறது இதுதான். டீச்சர் ஆகுறவங்களுக்கு ஒரு பருவம் முழுக்க குரல் எப்படி வேலை செய்யுதுங்கிற பாடம், விருப்பப் பாடமா இல்லாம கட்டாயமா. அதுல ஒரு ஈஎன்டி டாக்டரும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டும் வந்து வகுப்பு எடுக்கணும். பையன்களுக்குக் குரல் உடையுற வயசுல குரல் ஏறக்குறைய ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறங்கும், பெண் பிள்ளைங்களுக்கும் அந்த வயசுல குரல் மாறும், நாம கண்டுக்கிறதே இல்ல. அந்த ரெண்டு மூணு வருஷம் பாட்டை நிறுத்தாம எப்படி நடத்தணும்னு சொல்லித் தரணும். கம்மல் நாலு வாரத்துக்கு மேல நீடிச்சா சாதகம் பண்ணச் சொல்லாம டாக்டர்கிட்ட அனுப்பணும்னு ஒவ்வொரு டீச்சருக்கும் மனப்பாடமா தெரியணும். தான் பாடாத ஒரு ஸ்டைலையாவது ஒரு வருஷம் உக்காந்து கேட்டு, அதுல நல்ல குரல்னா எது, வலிக்கிற குரல்னா எதுன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு வரணும், பாடிக் காட்ட வேண்டாம். தெரியாத ஸ்டைலைக் கேட்டு வர்ற பிள்ளையை, தெரிஞ்சவங்ககிட்ட மரியாதையா அனுப்பி வைக்கிறதும் தகுதிதான்னு பாடத்துலயே எழுதணும், எனக்கு அன்னிக்கு அதை யாராவது சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேன்.

பரீட்சை விஷயம் ஒண்ணு. வேற ஸ்டைல் வாடை வருதுன்னு மார்க் குறைக்கிறீங்க. இந்த ஸ்டைலுக்குப் பொருந்தலன்னு எழுதிக் குறைங்க, நியாயம். குரல் கெட்டுப்போச்சுன்னு எழுதாதீங்க, அதைச் சொல்ல கேமரா வேணும்.

அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேப்பீங்க. ஆபரேஷன் தேவைப்படல. ஸ்பீச் தெரபிஸ்ட் முதல்ல அவ கையில குடுத்தது ஒரு ஸ்ட்ரா. அதுக்குள்ள ம்ம்னு ஓசை விட்டு ஏறி இறங்கணும், வாய்ல அடைப்பு இருக்குறதால பின்னாடி அழுத்தம் சேந்து குரல்நாண் ரெண்டும் பலமா மோதாம மெதுவா அதிரும், இங்கோ டிட்சேங்கிற விஞ்ஞானி இதை நிறைய ஆராய்ஞ்சிருக்கார். நானும் பக்கத்துல உக்காந்து ஒரு ஸ்ட்ரா வெச்சு அவளோடயே பண்ணேன், அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது நான் எத்தனை வருஷமா இறுக்கிப் பாடிக்கிட்டு இருந்திருக்கேன்னு. தெரபியும் ஓய்வுமா ஏழு மாசம் ஆச்சு அவ மறுபடி முழுசா பாட. இப்ப ரெண்டும் பாடுறா, காலையில வர்ணம், சாயங்காலம் அந்த நாடகப் பாட்டு. அந்த ஈ வர்ற இடத்துல இப்ப வாயை ஏ மாதிரி திறக்குறா, கேக்குறவங்களுக்கு ஈன்னுதான் கேக்குது.

அந்தப் பாடத்தோட முதல் வகுப்புல அவளோட ரெண்டு ஸ்ட்ரோப் வீடியோவையும் போட்டுக் காட்ட அவளே சம்மதம் குடுத்திருக்கா, தடிப்பு இருந்தப்ப எடுத்தது ஒண்ணு, ஏழு மாசம் கழிச்சு எடுத்தது ஒண்ணு. நீங்க கேட்டா அன்னிக்கே அனுப்பி வைக்கிறேன்.